தரையைத் தொடாத பதில்

அன்புள்ள கண்ணனுக்கு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டால் போனில் சிரிக்கிறாய். அதனால் கேட்கவில்லை. நேரத்துக்குத் தூங்கு.

நீ விட்டுப்போன புத்தகங்களைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். உண்மை என்றால் என்ன என்று விளக்கிய தர்க்க அறிஞர் டார்ஸ்கியின் 'பனி வெண்மையானது' என்ற வாக்கியத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பனி வெண்மையாக இருந்தால்தான் அது உண்மையாம். இதைச் சொல்லவா 1933இல் ஒரு மனுஷர் அத்தனை பக்கம் எழுதினார்? அப்புறம் 'இந்த வாக்கியம் பொய்' என்பதற்கும் அதே விதியைப் போட்டுப் பார்த்தேன். உண்மை என்றால் பொய்யாகிறது, பொய் என்றால் உண்மையாகிறது. அதனால்தான் ஒரு மொழியின் வாக்கியங்களை உண்மை என்று சொல்ல, அதற்கு மேலே இன்னொரு மொழி வேண்டும் என்கிறார். தாளில் சரிவரும். வாயால் பேசுகிறவர்களுக்கு இருப்பது ஒரே மொழிதானே.

எனக்குப் பிடித்தது இன்னொரு தர்க்க அறிஞர் கிரிப்கி 1975இல் எழுதியதுதான். 'அவன் சொல்வது உண்மை' என்று இவனும், 'இவன் சொல்வது உண்மை' என்று அவனும் சொன்னால் முரண்பாடு எதுவும் இல்லை. ஆனால் உண்மையா பொய்யா என்று பார்க்க அடியில் ஒன்றுமே கிடையாது. நம் வீட்டில் நடப்பதும் அதுதான். ஆய்வு எப்படிப் போகிறது என்று உன்னைக் கேட்டால், 'அப்பா சொன்னதுதாம்மா' என்கிறாய். அப்பாவைக் கேட்டால், 'அவன் உன்னிடம் சொன்னதுதான்' என்கிறார்.

நான் குடையவில்லை. நீ சொல்வதெல்லாம் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகிறது. ஒத்துப்போவதுதான் உண்மை என்கிற கட்சிக்கு அது போதும். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு புதிர் சொல்வாய். என் பிள்ளை சொன்னது என்று நானும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவேன், அவர்களுக்குப் புரியாவிட்டாலும். இப்போது 5 மாதமாக ஒன்றுகூட இல்லை. இந்தக் கடிதத்தை உன் துறை முகவரிக்கே அனுப்புகிறேன். அங்கே போட்டால் உன் கைக்கு வரும்தானே? இரவில் கண்விழிக்காதே.

கணிதத்துக்குத் தர்க்கத்தாலேயே அஸ்திவாரம் போடப் பார்த்த ஃபிரேகேயை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1902 ஜூனில் தத்துவ அறிஞர் ரஸ்ஸலின் கடிதம் வரும்போது ஃபிரேகேயின் புத்தகத்தின் இரண்டாம் பாகம் அச்சில் இருந்தது. கணம் என்றால் பொருள்களின் தொகுப்பு. தன்னைத் தனக்குள் உறுப்பாகக் கொள்ளாத கணங்களை எல்லாம் சேர்த்து ஒரு கணமாக்கினால், அது தனக்கே உறுப்பா, இல்லையா? அந்த ஒரு கேள்வியில் அஸ்திவாரமே ஆடிவிட்டது. மனுஷர் கடிதத்தை ஒளித்துவைக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் பதில் எழுதினார். புத்தகத்தின் பின்னிணைப்பிலேயே விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

நான் ஒளித்துவைத்தேன், கண்ணா. உனக்கு இடம் கிடைத்த கடிதம் நான் சொன்ன நாளில் வரவில்லை. 11 நாள் முன்பே வந்து பீரோவில் இருந்தது. உன்னை அனுப்ப மனசில்லை. கடைசித் தேதி நெருங்கியதும் பயம் பிடித்து, இப்போதுதான் தபால்காரர் கொடுத்தார் என்று சொன்னேன். அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. நீ உறையைத் திருப்பித் தபால் முத்திரையைப் பார்த்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்தாய். 'சரிம்மா' என்றாய். அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை.

நேரத்துக்குத் தூங்கு.

அம்மா