லாக்கருக்கு இரண்டு மாதம், கணக்குக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மயிலாப்பூரில் நாங்கள் கணக்கு வைத்திருந்த வெளிநாட்டு வங்கிக் கிளை மூடப்பட்டுவிட்டது. 1998இல் என் கணவர் தொடங்கிய கணக்கு அது. மஸ்கட்டிலிருந்து மகன் அனுப்பும் பணம் அதில்தான் வரும். ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் அதிலிருந்துதான் போகும்.

லாக்கரைப் பற்றி இரண்டு மாதம் முன்பே பதிவுத் தபால் வந்தது. தமிழ் நாளிதழிலும் அறிவிப்பைப் பார்த்தேன். இது ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் போட்ட விதி. கிளை மூடப்பட்டு லாக்கர்கள் இடம் மாறுவதாக இருந்தால், உள்ளூர் மொழி நாளிதழ் உட்பட இரண்டு நாளிதழ்களில் அறிவிக்க வேண்டும். வாடிக்கையாளருக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன் தெரிவிக்க வேண்டும்.

கணக்குக்கு வந்தது மின்னஞ்சல் ஒன்றுதான். அதுவும் ஆங்கிலத்தில், மகனின் முகவரிக்கு. அவன் அதைப் பார்த்துச் சொன்னபோது கிளை மூடப் பன்னிரண்டு நாள் இருந்தது. கணக்கை வேறொரு கிளைக்கு மாற்றினார்கள். மூடிய கிளையைக் குறிக்கும் பழைய ஐஎஃப்எஸ்சி குறியீட்டுக்கு அனுப்பிய பணம் திரும்பிப் போனது. கணக்கில் இருப்பு இல்லாமல் பிரீமியம் நின்றது. அபராதத்தை நான் கட்டினேன். முப்பத்தொரு வருடம் ஆசிரியையாக இருந்தவள், ஒரு நாளும் தவணை தவறியதில்லை.

கிராமத்தில் இருக்கும் வங்கிக் கிளையை மூட, வங்கியாளர்களும் மாவட்ட அதிகாரிகளும் அடங்கிய மாவட்ட ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அது நியாயமான விதி. நகரத்துக் கிளையை மூடும்போது, வாடிக்கையாளருக்கு ‘உரிய காலத்தில்’ தெரிவித்தால் போதும் என்கிறது ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை. உரிய காலம் என்றால் எத்தனை நாள்?

வாடிக்கையாளருக்குப் போதிய அவகாசம் தருவது முடியாத காரியமும் அல்ல. சிட்டி வங்கியின் சில்லறை வணிகத்தை ஆக்சிஸ் வங்கி வாங்குவதாக 2022 மார்ச் 30 அன்று அறிவித்தார்கள். கைமாறியது 2023 மார்ச் 1 அன்று. கைமாறிய அன்றே கணக்கு எண்ணையோ ஐஎஃப்எஸ்சி குறியீட்டையோ மாற்றிவிடவில்லை.

கிளையை மூட வரும் எந்த வங்கியிடமும் ரிசர்வ் வங்கி இதை எழுதி வாங்க வேண்டும்: லாக்கருக்குத் தரும் இரண்டு மாதத்தைக் கணக்குக்கும் தர வேண்டும், தகவல் தபாலில், வாடிக்கையாளரின் மொழியில் வர வேண்டும், பழைய குறியீடு ஆறு மாதமாவது செல்ல வேண்டும். எங்கள் எதிர்வீட்டுப் பெரியவருக்கு எண்பத்திரண்டு வயது. அவரும் அதே கிளையின் வாடிக்கையாளர்தான். புதிய காசோலைப் புத்தகம் இன்னும் அவர் கைக்கு வந்து சேரவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
மயிலாப்பூர், சென்னை