பாராசூட்டைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை சாயங்காலம் நாலு பிள்ளைகளும் புல்வெளியில் இருந்து மூச்சிரைக்க ஓடிவந்து என் கையில் ஒரு முட்டையைக் கொடுத்தார்கள். விரிசல் இல்லை. பிள்ளைகள் ஒரு போட்டிக்காகச் செய்த மாதிரி ராக்கெட்டில் ஏறி மேலே போய்விட்டு, பாராசூட்டில் இறங்கிய முட்டை. அதற்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பது பிள்ளைகளுக்கு முழுதாகத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த மடல்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நவம்பரில் ஆஸ்டினுக்கு வெளியே அந்த மாட்டுப் பண்ணையில் முதல் ஒத்திகை நடந்தது. சின்ன ராக்கெட், C6-5 என்ற சின்ன மோட்டார். பாராசூட்டுக்கு அடியில் வைக்கும் தீப்பிடிக்காத வாடிங் தாள் தீர்ந்துவிட்டது. "டிஷ்யூ பேப்பர் போதும், எல்லாம் தாள்தானே" என்று சொன்னது நான்தான். மோட்டார் எரிந்து முடிந்து 5 விநாடி கழித்து உச்சியில் 'டப்' என்று சத்தம் கேட்டது. மூக்குப் பகுதி கழன்றது, ஆனால் பாராசூட் விரியவில்லை. கீழே விழுந்ததை எடுத்துப் பார்த்தால், பிளாஸ்டிக் பாராசூட் உருகிச் சுருண்டு, பொரி உருண்டை அளவுக்கு ஒரு கட்டியாக இருந்தது. பக்கத்திலேயே காய்ந்த புல்லில் டிஷ்யூ புகைந்துகொண்டிருந்தது. தண்ணீர் கேனோடு பாய்ந்து வந்து அணைத்த தம்பிக்கு முதல் நன்றி. உன் பெயரைக்கூடக் கேட்க மறந்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

அடுத்து, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவர். அவருக்குத் தமிழ் தெரியாது, இதை என் மகள் அவருக்குப் படித்துச் சொல்லுவாள். எங்களைத் திட்டவில்லை. ராக்கெட்டின் உடல் குழாயை வாங்கி, உள்ளே விரலை விட்டுத் தடவி, கரியை மோந்து பார்த்தார். "பாராசூட்டை வெளியே தள்ளுவதும் அதைச் சுடுவதும் ஒரே வெடிமருந்துதான்" என்று ஆரம்பித்தார். மோட்டாரின் தலைமாட்டில் இருக்கும் கருமருந்து வெடிக்கும்போது வாயுவின் சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டும். பிளாஸ்டிக் பாராசூட்டோ 110 டிகிரி செல்சியஸ் சுமாருக்கே இளகிவிடும். நடுவில் ஒரு தடுப்பு இருந்தால்தான் பிழைக்கும். அந்தத் தடுப்பு தீப்பிடிக்காததாக இருக்க வேண்டும் என்பது மாதிரி ராக்கெட் விடுகிறவர்களுக்கான அமெரிக்க தேசியச் சங்கத்தின் (NAR) பாதுகாப்பு விதியிலேயே இருக்கிறதாம். நான் படித்திருக்க வேண்டியது.

வாடிங் வைக்கும் விதத்தை அவர் கையால் காட்டினார். தாளைப் பஞ்சு மாதிரி லேசாகக் கசக்கி, குழாயின் சுவரைத் தொடும்படி ஒவ்வொன்றாக இறக்கினார். குழாயின் விட்டம் எவ்வளவோ அதில் ஒன்றரை, இரண்டு மடங்கு ஆழம் வேண்டும். தக்கை மாதிரி இறுக்கினால் எல்லாம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும், தளர விட்டால் ஓரத்தில் நெருப்பு நுழைந்துவிடும். அப்புறம் பாராசூட்டின் மேல் டால்கம் பவுடர் தூவச் சொன்னார், மடிப்புகள் ஒட்டாமல் இருக்க. முந்தின இரவே மடித்து வைக்கக் கூடாது, பறக்கவிடும் முன்புதான் மடிக்க வேண்டும். நடுவில் ஒரு கதையும் சொன்னார். 1954-இல் நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர்தான் முதல் மாதிரி ராக்கெட்டைச் செய்தாராம், பாராசூட்டோடு. செருப்புக்கடைக்காரர் என்றதும் என் மகளுக்கு ஒரே சிரிப்பு.

வாடிங் தாளுக்குப் பதிலாக, வீட்டுப் பரணில் சூடு தடுக்கப் போடும் காகிதத் தூளை ஒரு மூட்டை கொடுத்த எதிர்வீட்டு அண்ணனுக்கும் நன்றி. பழைய செய்தித்தாளை அரைத்து போரேட் உப்பு கலந்தது அது, சுலபத்தில் பற்றாது. ராக்கெட் ஆட்கள் இதற்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் 'நாய் வாந்தி'. அண்ணன் அதை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டாம்.

பெரிய நன்றி, ரவிக்கை தைக்கும் அக்காவுக்கு. முட்டை ராக்கெட்டின் குழாய் அகலமானது, மோட்டாரும் F வகை, அதாவது C-யை விடப் பெரியது, தூள் மட்டும் போதாது என்று நோமெக்ஸ் துணி வாங்கியிருந்தோம். தீயணைப்பு வீரர்களின் உடையில் இருக்கும் அதே துணி. உருகாது, கருகத்தான் செய்யும், அதுவும் 370 டிகிரிக்கு மேலே. 12 அங்குலச் சதுரமாக வெட்டி ஓரம் தைத்து, ஷாக் கார்ட், அதாவது மூக்கையும் குழாயையும் இணைக்கும் கயிறு, நுழைய ஒரு பொத்தான் துளை வைத்துத் தரும்படி கேட்டேன். அக்கா துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி தம்பி, துணி உருகாது. நூல்?" என்றார்.

எனக்குப் பேச்சே வரவில்லை. வீட்டில் இருந்ததெல்லாம் பாலியஸ்டர் நூல். ஒரே பறத்தலில் தையல் இளகிப் பிரிந்திருக்கும். மூன்று நாள் பொறுத்து, சூட்டில் உருகாத கெவ்லார் நூல் வந்த பிறகே மெஷினில் உட்கார்ந்தார். அதை அறுக்கச் சாதாரணக் கத்தரி ஆகவில்லை, அவருடைய நல்ல கத்தரி ஒன்று மொக்கையானதும் எனக்குத் தெரியும். பீடா மடிப்பதுபோல் பாராசூட்டை அந்தத் துணியில் சுருட்டி, மூடிய பக்கம் மோட்டாரைப் பார்க்க இறக்கினோம். ஆறு முறை பறந்துவிட்டது. துணியில் கரி மட்டும்தான், நைலான் பாராசூட்டில் ஒரு ஊசித் துளைகூட இல்லை.

வாடிங்குக்குப் பதிலாக, சூட்டைத் தடுக்கத் துளைத் தட்டு வைத்த தடுப்புக் குழாய் செய்து பார்க்கலாம் என்று யோசனை சொன்ன நண்பருக்கும் நன்றி. செய்தோம், நன்றாகத்தான் இருந்தது. எடை கூடி உயரம் குறைந்ததால் கழற்றிவிட்டோம்.

போட்டியில் அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. முட்டை உடையாமல் இருந்தால் மட்டும் போதாது, குறித்த நேரத்தில் இறங்கவும் வேண்டும், அது சில விநாடி பிசகிவிட்டது. அதற்கு முழுப்பொறுப்பு பிள்ளைகளின் கணக்கும் காற்றும்தான், உங்களில் யாரும் இல்லை. முட்டையை ஞாயிற்றுக்கிழமை ஆம்லெட் போட்டு நாலாகப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள்.

அக்கா, புதுக் கத்தரி வாங்கி வைத்திருக்கிறேன், மறுக்கக் கூடாது. 'நாய் வாந்தி' முக்கால் மூட்டை இன்னும் எங்கள் கராஜில் கிடக்கிறது. ராக்கெட் விடுகிறவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் ஒரு அட்டைப் பெட்டியோடு வாருங்கள்.

அன்புடன்,
முட்டை ராக்கெட் குழுவின் சார்பில் ஒரு அப்பா