எனக்காக மூச்சு விட்டவர்களுக்கு நன்றி

பெருமதிப்பிற்குரியீர், வணக்கம்.

சென்ற ஐப்பசியில் கட்டுவிரியன் கடித்து, கண்ணிமை முதல் மார்புத் தசை வரை உடல் முழுவதும் அசைவற்றுப்போய், ஐந்து நாள் செயற்கைச் சுவாசத்தில் கிடந்து பிழைத்தவன் நான். திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். கொஞ்சம் நிலமும் உண்டு. நான்காம் நாள் இரவு வரை என்னால் விரலைக்கூட அசைக்க முடியவில்லை என்றாலும், பெரும்பாலான நேரம் எனக்கு நினைவு இருந்தது, காதும் கேட்டது. யார் என்ன செய்தீர்கள் என்பதை நான் அறிவேன் என்று உங்களிடம் சொல்வதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

மணிலா (நிலக்கடலை) பிடுங்கி மூட்டை கட்டிய களைப்பில் அன்றிரவு களத்துக் கொட்டகையில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு வயிற்றைப் பிசைவதுபோன்ற வலியோடு எழுந்து வாந்தி எடுத்தேன். உடம்பில் வீக்கமோ காயமோ எதுவும் தென்படவில்லை. முதலில் சென்ற மருத்துவமனையில் வாயுக்கோளாறு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். கட்டுவிரியனின் பல் நுண்ணியது, கடித்த இடம் பெரும்பாலும் வலிப்பதில்லை, தூங்குகிறவர் விழித்துக்கொள்வதுகூட அரிது என்பதையெல்லாம் பின்னர் அறிந்தேன். மழைக்காலத்தில் தரையில் உறங்கி எழுந்த ஒருவர் காரணம் தெரியாத வயிற்றுவலியோடு வந்தால் பாம்புக்கடியையும் எண்ணிப் பார்க்கும்படி மருத்துவர்களை இரு கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

என் உயிரை முதலில் காத்தவர் பக்கத்துத் தெருவில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் அம்மா. என் பேச்சு குழறுவதைக் கேட்டு வந்து முகத்தைப் பார்த்தவர், "வாயுத் தொல்லைக்கு இமை தொங்காது, இது விரியன் கடி, உடனே கிளம்புங்கள்" என்றார். அவர் சொன்ன மறுநிமிடமே என்னைத் தம் இருசக்கர வாகனத்தில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் என் தம்பியை அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, எதிரே வந்த 108 வண்டிவரை கொண்டுசேர்த்த எதிர்வீட்டு அண்ணனுக்கும் நான் கடன்பட்டவன்.

வட்ட அரசு மருத்துவமனையின் இரவுப் பணி மருத்துவர், கடிவாயைத் தேடி நேரத்தைக் கழிக்காமல், தொங்கிய இமையையும் விழுங்க முடியாமல் வழிந்த எச்சிலையும் கண்டே பத்துக் குப்பி நஞ்சுமுறி மருந்தை ஏற்றத் தொடங்கினார். தளர்ந்த தசைகளை மீண்டும் இயங்கச் செய்யும் நியோஸ்டிக்மின் ஊசியும் போட்டுப் பார்த்தார். நல்ல பாம்புக் கடியில் அது கைகொடுப்பது உண்டு. எனக்குப் பலன் தரவில்லை. அதன் காரணத்தைப் பின்னர் ஒரு பயிற்சி மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மூளையின் கட்டளை நரம்பு வழியே வந்து, நரம்பின் முனையில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளாகச் சுரந்தால்தான் தசை சுருங்கும். கட்டுவிரியன் நஞ்சிலுள்ள பீட்டா பங்காரோடாக்சின் அந்த நரம்பு முனையையே சிதைத்துவிடுகிறது. தசை கெடாமல்தான் இருக்கிறது. அதை ஏவுவதற்குத்தான் எதுவும் இல்லை. நஞ்சுமுறி மருந்து குருதியில் சுற்றுகிற நஞ்சைப் பிடிக்குமே அன்றிச் சிதைந்த முனைகளைச் சீராக்காது. அவை மீண்டும் வளரச் சில நாள்கள் ஆகும். அதுவரை நோயாளிக்காக வேறு யாராவது மூச்சு விட வேண்டும்.

அந்த வேறு யாரோ முதலில் 108 வண்டியின் மருத்துவ உதவியாளர்தான். தொண்டையில் குழாய் பொருத்திய பிறகு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரையிலான ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டரும் அவர் ஒரு ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி அழுத்தி எனக்குக் காற்று ஊட்டினார். மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கியபோதும் அந்தத் தாளம் தவறவில்லை. 1952இல் கோபன்ஹேகன் நகரத்தில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, மூச்சுத் தசை செயலிழந்தவர்களுக்கு மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் இப்படிப் பை அழுத்தியே உயிர் காத்தார்கள் என்று படித்திருக்கிறேன்; தீவிர சிகிச்சைப் பிரிவு என்னும் ஏற்பாடே அதிலிருந்துதான் வளர்ந்தது. அந்த மாணவர்களின் வரிசையில் வைத்து வணங்கத்தக்கவர் இவர். அவருடைய உள்ளங்கை கன்றிப்போயிருந்ததைத் தம்பி பார்த்திருக்கிறான்.

இரண்டாம் நாள் என் கண்மணிகள் விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நின்றனவாம். மூளை செயலிழந்துவிட்டதோ என்று யாரோ கேட்டதும், என் மனைவி விம்மியதும் எனக்குக் கேட்டன. "கண்ணின் தசையையும் இந்த நஞ்சு முடக்கும், அதை வைத்து முடிவு செய்யக் கூடாது, காத்திருங்கள்" என்று உறுதியாகச் சொன்ன தலைமை மருத்துவர் அவர்களே, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நானும் காத்திருந்தேன்.

இரவுப் பணியில் ஒரு செவிலியர் இருந்தார். எனக்குக் கேட்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆனாலும், "அண்ணா, சளி எடுக்கப் போகிறேன், கொஞ்சம் சிரமமாக இருக்கும்", "அண்ணா, கண்ணுக்கு மருந்து விட்டு ஒட்டுகிறேன்", "வெளியே நல்ல மழை, உங்கள் வீட்டார் சாப்பிட்டுவிட்டார்கள்" என்று ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டே செய்வார். தன் உடலுக்குள் அடைபட்டுக் கிடப்பவனுக்கு அந்தக் குரல் எவ்வளவு பெரிய துணை என்பதை நான் எப்படி எழுதுவேன்? நான்காம் நாள் இரவு என் இடது கால் கட்டைவிரல் அசைந்ததை முதலில் கண்டு மருத்துவரை அழைத்தவரும் அவரே. மெலிந்துபோன தொடைக்கும் தோளுக்கும் மறுபடி வலு ஏற்றி, உட்காரவும் நிற்கவும் நடக்கவும் பழக்கிய இயன்முறை சிகிச்சையாளருக்கும் என் வணக்கம்.

நான் நேரில் காணாத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். என் உடம்பில் ஏறிய மருந்து, சிறிது சிறிதாக நஞ்சு செலுத்திப் பழக்கிய குதிரைகளின் குருதியிலிருந்து எடுக்கப்படுவது. அதற்கான நஞ்சின் பெரும்பங்கை நாடு முழுவதற்கும் தருகிறவர்கள், மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் இருளர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தால் பாம்புத்தோல் தொழில் நின்றுபோன பிறகு, பாம்பைக் கொல்லாமல் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டிலேயே விடும் இந்த வேலைக்கு வந்தவர்கள் அவர்கள். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டபோது அதைச் செய்தியாக மட்டுமே படித்தேன். இன்று அவர்களை என் உறவினராகவே எண்ணுகிறேன்.

அந்த இரவுப் பணிச் செவிலியரின் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டேன். கண் திறந்த அன்று அவருக்குப் பணிமுறை மாறிவிட்டதால் அவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை. வரும் பொங்கல் கழிந்ததும் குடும்பத்தோடு உங்கள் அனைவரையும் காண வருகிறோம். எங்கள் களத்து மணிலாவும் கொண்டுவருகிறோம். அன்று அவர் ஒருமுறை "அண்ணா" என்று அழைத்தால் போதும், நான் கண்டுகொள்வேன்.