கல் படம் அனுப்புவோர் கவனத்துக்கு

நண்பர்களே, வணக்கம். அகேட், ஜாஸ்பர் என்ற மணிக்கற்களைப் பற்றிய நம் கையேட்டுக்கு வந்த படங்கள் பலவற்றில் கைரேகைதான் பளிச்சென்று தெரிகிறது, கல் தெரியவில்லை!

இனி ஒரு கல்லுக்கு மூன்று படம் வேண்டும்: காய்ந்தபடி ஒன்று, நனைத்து ஒன்று, பின்னால் மொபைல் டார்ச் அடித்து ஒன்று. மூன்றாவதுதான் முக்கியம். விளிம்பில் தேன் நிறத்தில் வெளிச்சம் கசிந்து, உள்ளே வரிவரியாகத் தெரிந்தால் அகேட். துளியும் கசியாவிட்டால் ஜாஸ்பராக இருக்கலாம். இரண்டும் சிலிக்காதான் (மணலில் இருக்கும் அதே பொருள்), ஜாஸ்பரின் சிவப்புக்குக் காரணம் இரும்பு.

போன வாரம் கொள்ளிடத் திட்டில் ஒரு சிவப்புக் கல் எடுத்தேன். ஜாஸ்பர் என்று வீடு வரை ஒரே பெருமை. ஆணியால் கீறினால் பொடி உதிர்கிறது. ஆற்றில் தேய்ந்த ஓட்டுச்சில்லு! கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவுகோலில் ஜாஸ்பர் 7 அளவில் இருக்கும், ஆணி கீறாது.

தஞ்சாவூர்ப் பக்கத்து வல்லத்தின் படிகக்கல்லும் குவார்ட்ஸ்தான், அதாவது சிலிக்காப் படிகம். ஆனால் அதற்குத் தனிப் பக்கம் போடலாம்.

படத்தோடு ஊர்ப்பெயர் கட்டாயம். லாரியில் வந்த ஜல்லி என்றால் சொல்லிவிடுங்கள், அது நம்மூர்க் கல் ஆகாது. அப்புறம், பூம்புகார்ப் பக்கம் துளையிட்ட பழைய கல்மணி கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். கிடந்தபடியே படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்போம்.

ஞாயிறு இரவுக்குள் அனுப்புங்கள்.