பைபாஸ் 'வெற்றி': எத்தனை நாள் கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதய அறுவை சிகிச்சை பற்றிய செய்திகளிலும் விளம்பரங்களிலும் 'இதயத்தை நிறுத்தாமலேயே பைபாஸ்', '98 சதவீத வெற்றி' என்ற இரண்டு வரிகள் தவறாமல் வருகின்றன. முதலாவது ஒரு நுட்பத்தின் பெயர், அவ்வளவுதான். இரண்டாவதில் எதை வெற்றி என்கிறார்கள், எந்த நாளில் எண்ணினார்கள் என்பது கிடையாது. நிருபர்கள் இனி அதையும் கேட்டு எழுத வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

இதயத் தசைக்கு ரத்தம் தரும் குழாயில் உள்ள அடைப்பைத் தாண்டி, உடலின் வேறிடத்து ரத்தக்குழாயை மாற்றுப்பாதையாகத் தைப்பதுதான் பைபாஸ். அந்த மாற்றுப்பாதைக் குழாயே கிராஃப்ட். வழக்கமான பைபாஸில் ரத்தம் இதய-நுரையீரல் இயந்திரம் (பம்ப்) வழியே ஓடும். இதயத்தை நிறுத்திவிட்டுத் தைப்பார்கள். ரத்தம் குழாய்களில் உறையாதிருக்க உடல் எடையில் கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் ஹெப்பாரின் கொடுத்து, உறைநேரம் 480 வினாடியைத் தாண்டிய பிறகே பம்ப்பை ஓட்டுவார்கள். இதயத்தை நிறுத்தாமல் செய்யும் ஆஃப்-பம்ப் முறையில் இயந்திரம் இல்லை. தைக்கும் இடத்தை மட்டும் உறிஞ்சிப் பிடிக்கும் கருவியால் அசையாமல் நிறுத்தி, ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் ரத்தக்குழாயில் தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்க வேண்டும். இதயத்தின் பின்பக்கக் குழாய்க்காக இதயத்தைத் தூக்கித் திருப்பும்போது ரத்த அழுத்தம் சரியும். அவசரமாக பம்ப்புக்கு மாற நேர்ந்தால் ஆபத்து கூடும். அந்தத் திருப்பலுக்கு அஞ்சி, போட வேண்டிய நான்கு கிராஃப்ட்டில் மூன்றோடு முடித்துவிடுவதும் உண்டு.

இந்த இரு முறைகளையும் ஒப்பிட்ட இரண்டு பெரிய ஆய்வுகள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 2,203 பேரிடம் நடந்த ரூபி ஆய்வில், ஐந்தாண்டு இறப்பு ஆஃப்-பம்ப்பில் 15.2 சதவீதம், பம்ப்பில் 11.9 சதவீதம். இந்தியா உட்பட 19 நாடுகளில் 4,752 பேரிடம் நடந்த கரோனரி ஆய்விலோ ஐந்தாண்டு முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஏன் இப்படி? ரூபியில் 20 ஆஃப்-பம்ப் அறுவை செய்தவரே தகுதி பெற்றார். பயிற்சி மருத்துவர்களும் தைத்தார்கள். கரோனரியில் அந்த நுட்பத்தில் நூறு அறுவைக்கு மேல் செய்தவருக்குத்தான் அனுமதி. ஆக, நுட்பத்தின் பெயரைவிட அதைச் செய்யும் கையின் பழக்கமே எடை கூடியது. கரோனரியில் முதல் 30 நாளில் ஆஃப்-பம்ப்புக்கு ரத்தம் ஏற்றும் தேவையும் சிறுநீரகப் பாதிப்பும் குறைவு. ஆனால் அடைப்பை மறுபடி சரிசெய்ய வேண்டிவந்தது கூடுதல். ஏற்கெனவே கிரியாட்டினின் (சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் கூடும் கழிவு) ஏறியவருக்கும், மகாதமனியில் சுண்ணாம்பு படிந்தவருக்கும் ஆஃப்-பம்ப் பொருந்தலாம். எல்லோருக்கும் அதுவே மேல் என்று எழுத ஆதாரம் இல்லை.

விளம்பரங்களில் வராத, ஆனால் பத்தாண்டுக்குப் பிறகு நோயாளியின் நிலையைத் தீர்மானிக்கும் விஷயம் கிராஃப்ட். இதயத்தின் முன்பக்க முக்கியக் குழாயில் இடது மார்பு உள்தமனியை இணைத்தால் பத்தாண்டு கழித்தும் பத்தில் ஒன்பது திறந்திருக்கும். காலிலிருந்து எடுப்பதில் ஏறத்தாழ பாதி அதற்குள் அடைபட்டோ கெட்டோ போயிருக்கும். (நம் ஊரில் அதை 'கால் நரம்பு' என்பார்கள். அது நரம்பல்ல, சிரை; ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். 'நரம்பை எடுத்துவிட்டால் கால் விளங்காமல் போகுமா' என்ற பயமே அந்தச் சொல்லால் வருவதுதான்.) அதுவும் எடுக்கும் விதத்தைப் பொறுத்தது. ஓட்டை பார்க்க சிரிஞ்சால் நீரை அழுத்திச் செலுத்தும்போது அழுத்தம் 300 மி.மீ. பாதரசத்தையும் தாண்டிவிடும், உள்சுவர் உரிந்துபோகும். எடுத்த சிரையை வெறும் சலைனில் வைப்பதைவிட அமிலத்தன்மை சமன்செய்த கரைசலில் வைத்தபோது ஓராண்டில் அடைப்பு குறைந்ததை, மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்த பிரிவென்ட்-4 ஆய்வின் தரவு காட்டியது. சுற்றுக் கொழுப்போடு சேர்த்து எடுக்கும் 'தொடாத' முறையில், சீனாவில் 2,655 பேரிடம் நடந்த ஆய்வில் ஓராண்டு அடைப்பு 6.5 சதவீதத்திலிருந்து 3.7 ஆனது. ஸ்வீடன், டென்மார்க்கில் நடந்த ஸ்வீடிகிராஃப்ட் ஆய்வில் அந்த நன்மை உறுதிப்படவில்லை. கால்புண் கூடுவது மட்டும் இரண்டிலும் தெரிந்தது. சர்க்கரை நோயாளி நிறைந்த நம் வார்டுகளில் அது சின்ன விஷயமல்ல.

மார்பின் இரு பக்கத் தமனியையும் கிராஃப்ட்டாக எடுப்பதே நவீனம் என்று வந்த செய்திக்கும் இதே பதில்: எல்லோருக்கும் அதுவே மேல் என்று எழுத ஆதாரம் இல்லை. 3,102 பேரைப் பத்தாண்டு பின்தொடர்ந்த ஆர்ட் ஆய்வில் இறப்பு இரு தமனிக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 20.3, ஒரு தமனியில் 21.2 சதவீதம்; குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மார்பெலும்புப் புண் தொல்லை இரு தமனி எடுத்தவர்களில் 3.5, ஒரு தமனியில் 1.9. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: இரு தமனி எனக் குலுக்கலில் ஒதுக்கப்பட்டவரில் சுமார் 14 சதவீதத்தினருக்கு ஒன்றுதான் போடப்பட்டது. ஒதுக்கியபடி எண்ணினால் ஒரு விடை, செய்தபடி எண்ணினால் வேறொன்று. ஒதுக்கியபடி எண்ணுவதுதான் முறை. இல்லாவிட்டால் தேறிய நோயாளிகளைப் பொறுக்கி எடுத்து எண்ணியதாகிவிடும்.

எண்ணும் வேலையில்தான் சென்னைக்கு ஒரு தனிச் சிக்கல். விழுப்புரம், சித்தூரிலிருந்து மட்டுமல்ல, கொல்கத்தாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சென்ட்ரலில் வந்திறங்கி அறுவை செய்துகொண்டு திரும்புகிறார்கள். ஓராண்டு கழித்துப் பலரின் செல்பேசி எண்ணே மாறியிருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 பேருக்கு அறுவை. 150 பேரின் விவரம் கிடைத்தது. அவர்களில் 3 பேர் இறப்பு. 'இறப்பு 2 சதவீதம்' என்று அறிக்கை போகும். காணாமற்போன 50 பேரில் 10 பேர் இறந்திருந்தால் உண்மை எண் 6.5 சதவீதம். நோய் முற்றியவரே மறுபரிசோதனைக்கு வராமல் போவதும் சகஜம். இப்போது 98 சதவீத வெற்றி என்ற வரியைத் திரும்பப் படியுங்கள். மருத்துவமனையிலிருந்து உயிரோடு வெளியேறியதை மட்டும் எண்ணியிருந்தால் இந்தப் பிழைகூட அதில் தெரியாது.

ஆகவே இரண்டு வேண்டுகோள். ஒன்று உங்களுக்கு: 'புதிய நுட்பம்' என்று ஒரு மருத்துவமனை ஆய்வு முடிவைச் சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்கிச் செய்தியோடு போடுங்கள். அதை இணையத்தில் யாரும் திறந்து பார்க்கலாம். 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் விதி. எதை அளக்கப்போகிறோம் என்று அங்கே எழுதியதும் அறிக்கையில் வந்ததும் ஒன்றா என்று பத்து நிமிடத்தில் தெரியும்.

மற்றொன்று சுகாதாரத் துறைக்கு. 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம்.செரியன் நாட்டின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்த நகரம் இது. நியூயார்க் மாநிலம் 1990-களிலிருந்து மருத்துவமனை வாரியாகப் பைபாஸ் இறப்பு விகிதத்தை வெளியிடுகிறது. நம்மிடம் அப்படி ஒரு பட்டியல் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு பைபாஸுக்கும் பணம் கேட்டு ஆவணம் போகிறதே, அதில் கூடுதலாகச் சில கட்டங்கள் போதும்: பம்ப்பா ஆஃப்-பம்ப்பா, எந்தெந்தக் கிராஃப்ட், சர்க்கரை, கிரியாட்டினின், இதயத்தின் இயங்குதிறன். 30 நாள், ஓராண்டு, ஐந்தாண்டு நிலவரத்தை நோயாளியின் ஒப்புதலோடு இறப்புப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். வயதையும் நோயின் தீவிரத்தையும் கழித்துக் கணக்கிட்டே வெளியிட வேண்டும். வெறும் சதவீதத்தைப் போட்டால் முற்றிய நோயாளியை எந்த மருத்துவமனையும் சேர்க்காது; ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போன்ற இடங்கள்தான் அவர்கள் எல்லோரையும் சுமக்கும், பட்டியலில் கடைசியாகவும் நிற்கும்.

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வுப் புள்ளியியலாளர் ஒருவர்,
அயனாவரம், சென்னை.