மேளதாளம் முழங்கியது சரி, வாசித்தவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சிவன் கோயில் வைகாசித் திருவிழாச் செய்தி வெளியாகியிருந்தது. கொடியேற்றத்தில் கலந்துகொண்டவர்கள், தேர் வடம் பிடித்துத் தொடங்கி வைத்தவர், அன்னதானம் செய்தவர், பாதுகாப்புப் பணியை மேற்பார்வையிட்ட அதிகாரி என்று பதினொரு பெயர்களை எண்ணினேன். பத்து நாளும் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி நான்கு வீதியையும் சுற்றிக் கோபுர வாசல் திரும்பும்வரை வாசித்த நாயனக்காரர்கள் இருவருக்கும், தவில்காரர்கள் இருவருக்கும், தாளம் போட்ட பையனுக்கும் அச்செய்தியில் கிடைத்த இடம் ‘மேளதாளம் முழங்க’ என்ற இரண்டு சொற்கள்தாம்.

அவர்கள் யாரும் என்னிடம் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. இது ரசிகனின் குறை. எங்கள் வீட்டில் இந்த மேளத்துக்கு என் தாத்தா காலத்திலிருந்து ரசிகர்கள் இருக்கிறோம். அவர்கள் வீட்டிலும் வாசிப்பு மூன்றாம் தலைமுறைக்கு வந்துவிட்டது. அந்த வீட்டுத் தாத்தாவின் நாயனத்துக்குப் பின்னால் என் தாத்தாவும், அவர் மகனுக்குப் பின்னால் என் அப்பாவும் நானும் நடந்தோம். இப்போது பேரன் வாசிக்கிறார். என் பேத்தி கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிறாள். (எங்கள் வீட்டில் யாரும் நாதஸ்வரம் என்றோ நாகஸ்வரம் என்றோ சொல்லிப் பழகவில்லை, எந்தப் பெயர் சரி என்று பண்டிதர்கள் வழக்காடட்டும், எங்களுக்கு அது நாயனம்.)

மாயவரத்துக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு இந்தப் பித்து பிடிப்பதில் வியப்பில்லை. செம்பொன்னார்கோயில் எங்களுக்குக் கூப்பிடு தூரம். அவ்வூர் நாயன வித்துவான் ராமசாமிப் பிள்ளையின் மக்களான கோவிந்தசாமிப் பிள்ளை, தட்சிணாமூர்த்திப் பிள்ளை சகோதரர்களைத் தாத்தா காலத்தவர்கள் கொண்டாடினார்கள் என்றால், அந்தச் சகோதரர்களின் பிள்ளைகளை அப்பா காலத்தவர்கள் கொண்டாடினார்கள். எஸ்.ஆர்.ஜி. சம்பந்தம், ராஜண்ணா என்றும், எஸ்.ஆர்.டி. முத்துக்குமாரசாமி, வைத்தியநாதன் என்றும் சொல்லும்போது முதலெழுத்துகளே ஊரையும் பாட்டனையும் தகப்பனையும் சொல்லிவிடும். அந்தக் குடும்பத்தின் தனிச் சொத்தாகப் பேசப்பட்டது ரக்தி. சாகித்தியம் எதுவும் இல்லாமல், ஒரே ராகத்தைத் தாளக் கணக்குக்குள் வைத்துப் பின்னிப் பின்னி, காலம் மாற்றி வாசிக்கும் அந்த முறை, சுவாமி நகர்ந்தும் நின்றும் போகிற நீண்ட இரவு வீதிக்கென்றே பிறந்ததுபோல் இருக்கும். நாயன மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை ஏறத்தாழ மூன்று நிமிட இசைத்தட்டில் கேட்டு உருகிய என் அப்பாவே, ரக்தியைத் தட்டில் அடைப்பது காவிரியைக் குடத்தில் மொள்வதுதான் என்பார்.

நான் முதன்முதலாக விழித்திருந்து கேட்ட இரவு 1966இல், எனக்கு ஒன்பது வயதில் வந்தது. ஐந்தாம் திருநாள், ரிஷப வாகனம். புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி முடிந்து சுவாமி கீழவீதியில் இறங்கியதும் தாத்தா என் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தவிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். எல்லாரும் நாயனத்துக்கு எதிரில் நின்று வாயைப் பிளக்கும்போது, அவர் மட்டும் தவிலின் வலந்தலைப் பக்கமாகவே நிற்பார். கூடு மாட்டிய விரல்கள் தோலில் விழுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டால்தான் நாயனக்காரர் அடுத்து எங்கே போகப்போகிறார் என்று தெரியும் என்பது அவர் கட்சி. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நாயனக்காரர் ஊதுவாயில் செருகியிருந்த ஒரு சீவாளியைக் கழற்றி, குழலில் தொங்கிய கொத்திலிருந்து இன்னொன்றை எடுத்து, நாக்கில் வைத்து நனைத்து, இரண்டு முறை ஊதிப் பார்த்து, அதையும் கழற்றிவிட்டு மூன்றாவதைப் பொருத்தியது இன்றும் கண்ணில் நிற்கிறது. அவ்வளவு நேரமும் இரண்டாவது நாயனம் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு வந்தது கல்யாணி ராகம் என்று மறுநாள் காலையில்தான் எனக்குச் சொன்னார்கள். அன்று சுருதிக்கு ஒத்து ஊதிய பெரியவரின் இடத்தில் இப்போது சுருதிப்பெட்டி இருக்கிறது. ஒத்து ஊதுவது என்ற வசவு மட்டும் ஊரில் குறைவின்றி வழங்குகிறது.

தாத்தா இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியில் திருவிழா நோட்டீஸ்கள் ஒரு கட்டாகக் கிடைத்தன. முதல் திருநாள், இரண்டாம் திருநாள் என்று ஒவ்வொரு நாளுக்கும் எந்த ஊர் நாயனம், ஸ்பெஷல் தவில் யார் என்பது அன்றைய செலவை ஏற்ற மண்டகப்படிக்காரரின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது. ஜனங்கள் அதைப் பார்த்துத்தான் எந்த இரவு வண்டி கட்டிக்கொண்டு வருவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். இந்த ஆண்டு நோட்டீஸில் உபயதாரர்களின் புகைப்படங்கள் இரண்டு பக்கம் நிறைந்திருக்க, கடைசி வரியில் ‘மங்கல இசை உண்டு’ என்று இருந்தது. ஒலிபெருக்கி அமைப்பாளரின் பெயரும் கைப்பேசி எண்ணும் அதற்கு மேலே இருந்தன. அவர் நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது தாங்கள் ஆச்சா மரத்தைப் பற்றியும் கடைசல் வேலையைப் பற்றியும் அருமையாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருக்கிறேன். குழல் பிறந்த ஊரைத் தேடிப் போய் எழுத முடிந்த தங்களால், அதே குழலை எங்கள் வீதியில் ஊதுபவரின் பெயரைக் கேட்டு எழுத முடியாதா? பூசை நேரத்தில் மின்விசையால் தானாக முரசும் மணியும் அடிக்கும் இயந்திரத்தைப் பல கோயில்களில் மாட்டிவிட்டார்கள். எங்கள் கோயிலிலும் உச்சிக்காலத்துக்கு இப்போது அதுதான். அந்த இயந்திரம் அடித்தாலும் ‘மேளதாளம் முழங்க’ என்றுதான் தங்கள் நிருபர் எழுதியிருப்பார், சொல்லில் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது என்று நினைக்கும்போதுதான் எனக்கு இந்தக் கடிதத்தை எழுதத் தோன்றியது.

நான் கேட்பது விமரிசனக் கட்டுரையை அன்று. திருவிழாச் செய்தியில் நாயனம் இன்னார், தவில் இன்னார் என்று ஒரு வரி போதும். என் பேத்தி ஐந்தாம் திருநாளன்று எடுத்த காணொளியைப் பார்த்த அவளுடைய கல்லூரித் தோழிகள், இவர் யார், அடுத்து எங்கே வாசிக்கிறார் என்று கேட்டார்களாம். அதில் பாதி நேரம் என் தோளும் வழுக்கையும்தான் தெரிகின்றன, இருந்தும் கேட்டிருக்கிறார்கள்.

அவர் பெயரை நானே இங்கே எழுதிவிடலாம். ஆனால் அது வாசகர் கடிதத்தில் சிபாரிசுபோல் வர வேண்டிய பெயரன்று, செய்தியில் வர வேண்டிய பெயர். வரும் ஆனி உத்திரத்தன்று நடராசர் புறப்பாட்டுக்கும் அவர்கள் செட்டுதான். தங்கள் நிருபர் மல்லாரி தொடங்குமுன், சீவாளி நனைத்துக்கொண்டிருக்கும் நேரத்திலேயே வந்து கேட்டுக்கொள்வது நல்லது. சுவாமி புறப்பட்டுவிட்டால் அவர் குழலை வாயிலிருந்து எடுத்துப் பதில் சொல்ல மாட்டார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மயிலாடுதுறை மாவட்டம்.