செந்திலுக்கு, அமெரிக்கா ஃபுளோரிடா நேப்பிள்ஸ்ல இருந்து, அக்டோபர் 2025

டேய் செந்தில்,

அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு கேட்டதும்தான் நிம்மதி. இங்க எல்லாரும் சௌக்கியம், அக்டோபர் ஆகியும் வெக்கை மட்டும் குறையல.

'முதலைக் காட்டுக்குள்ள ஜெயில் கட்டிட்டாங்களாமேடா'ன்னு கேட்டிருந்தியே, ஆமா, நாங்க மயாமி போற பழைய ரோடு டமையாமி ட்ரெயில்லதான் இருக்கு. ஜெயில்னா செங்கல் கட்டடம் இல்ல, பெரிய பெரிய டெண்ட், உள்ள கம்பிக் கூண்டு, அதுல அடுக்குக் கட்டில், குடியேறி வந்தவங்கள பிடிச்சு வைக்கிற முகாம். எமர்ஜென்சி பவர்னு சொல்லி கவர்னர் டிசாண்டிஸ் எடத்த எடுத்து ஜூன்ல ஒரு வாரம் பத்து நாள்ல கட்டி முடிச்சாரு, ஜூலை 1 டிரம்ப்பே வந்து பாத்துட்டுப் போனாரு. ரோட்டோரம் 'அலிகேட்டர் அல்காட்ராஸ்'னு போர்டு வேற (அல்காட்ராஸ்னா சான் ஃபிரான்சிஸ்கோ தீவுல இருந்த பேர் போன பழைய ஜெயில்), அதுக்குப் பக்கத்துல நின்னு செல்ஃபி எடுக்குறானுங்க. வேலிக்குப் பெருசா செலவே வேண்டாம், தப்பிச்சா முதலையும் மலைப்பாம்பும் பாத்துக்கும்னு மாநில அட்டர்னி ஜெனரல் வீடியோ போட்டாரு. அந்த மலைப்பாம்பே பர்மாப் பக்கத்துல இருந்து வந்ததுதான், வளக்க வாங்கினவன் விட்டுட்டுப் போயி இப்ப பெருகி காட்டையே முழுங்கிட்டு இருக்கு, அத யாரு டிப்போர்ட் பண்றது.

எனக்கு ஆச்சரியமா இருந்தது எடத்தோட பழைய கதைதான்டா. முகாம் இருக்கிறது ஒரு பழைய ரன்வே பக்கத்துல. 1968ல உலகத்துலயே பெரிய ஏர்போர்ட் கட்டுறோம்னு இதே எவர்க்ளேட்ஸ் சதுப்புல ஆரம்பிச்சாங்க, நியூயார்க் ஜேஎஃப்கேய விட அஞ்சு மடங்காம். மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ்னு ஒரு அம்மா, அப்பவே 79 வயசு, 1969ல ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் தி எவர்க்ளேட்ஸ்னு சங்கம் ஆரம்பிச்சு எதிர்த்தாங்க, மிக்கோசுகி பழங்குடிங்களும் சும்மா இல்ல, 1970ல வேலை நின்னுச்சு, ஒத்த ரன்வே மட்டும் மிச்சம். 1974ல சுத்தி இருந்தத பிக் சைப்ரஸ் தேசியக் காப்பகமா ஆக்கிட்டாங்க. இப்ப முகாமுக்கு எதிரா கேஸ் போட்டதும் அதே சங்கம்தான், சென்டர் ஃபார் பயலாஜிக்கல் டைவர்சிட்டிங்கிற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் கூட, அப்புறம் மிக்கோசுகிங்களும் சேந்துக்கிட்டாங்க.

அங்க ஒண்ணுமே இல்ல, வெறும் காடுன்னு அரசாங்கம் சொல்லுது. மிக்கோசுகி கிராமங்க சில மைல் தூரத்துலயே இருக்குடா. ரோட்ட விட்டு இறங்கிப் பாத்தா முழங்கால் தண்ணி, ஓரமெல்லாம் ரம்பப் பல்லு வச்ச புல்லு, தேங்கி நிக்குதுன்னு நெனப்ப, உத்துப் பாத்தா ஒரு காஞ்ச இலை மெதுவா தெக்கால நகந்துட்டே இருக்கும். அதுல புதுசா இருபது ஏக்கர் தார் போட்டா மழைத்தண்ணி அந்த எண்ணெய் அழுக்கோட எங்க போகும்? ராத்திரி அந்தப் பக்கம் வந்தா முன்னாடி நட்சத்திரம் கொட்டிக் கெடக்கும், இப்ப தூரத்துலயே வானம் வெளுத்துத் தெரியுது, வெளிச்சம் பாத்தா ஃபுளோரிடா சிறுத்தை கிட்ட வராதாம், அதுல மிச்சம் இருக்குறதே எரநூறு கிட்டத்தான்.

கோர்ட்டு கூத்து தனி. சுற்றுச்சூழல் ஆய்வே பண்ணாம கட்டினது தப்புன்னு ஆகஸ்ட் 21 ஜட்ஜ் கேத்லீன் வில்லியம்ஸ் புது ஆளுங்கள கொண்டு வராத, 60 நாள்ல பிரிச்சு எடுன்னாங்க. செப்டம்பர் 4 மேல்கோர்ட்டு 2-1ல நிறுத்தி வச்சிருச்சு, செலவு பண்ணது மாநிலக் காசு அதனால ஆய்வு பண்ணச் சொல்ற மத்திய சட்டம் பொருந்தாதாம். பிடிக்கச் சொல்றது மத்திய அரசு, திருப்பி அனுப்புறது மத்திய அரசு, பில்லு மட்டும் மாநிலத்தோடது! இந்த மாசம் ஆரம்பத்துல அந்த மத்திய அரசே 60.8 கோடி டாலர் மாநிலத்துக்குத் தர ஒத்துக்கிச்சு, இப்ப என்ன சொல்லுவாங்களோ.

மனுஷன அடைச்சு வச்சிருக்கும்போது சிறுத்தையப் பத்திப் பேசுறீங்களேன்னு நீ கேப்ப. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, ஆனா உள்ள இருக்குறவன் வக்கீலப் பாக்கவே அல்லாடுறான், அவனுக்கும் சேத்து இப்போதைக்கு கோர்ட்டுல முகாமையே அசைச்சுப் பாத்த கேஸ் இதுதான்.

ஞாயித்துக்கிழமை கேட்டுக்கு வெளிய பிரார்த்தனைக் கூட்டம் நடக்குது, நான் போகல. க்ரீன் கார்டு இன்னும் வரல, போட்டோல விழுந்தா வம்புன்னு வீட்டுல பயம். பக்கத்து வீட்டுக்காரங்க போறாங்க, அவங்ககிட்ட தண்ணி பாட்டில் பெட்டி குடுத்து அனுப்புறேன்.

டிசம்பர்ல ஊருக்கு வரேன்னு சொல்லியிருந்தேன்ல, இப்ப நாட்ட விட்டு வெளிய போகாதன்னு வக்கீல் கண்டிப்பா சொல்லிட்டாரு. எங்கம்மாகிட்ட போன்ல சொன்னா அழும், நீ ஒரு எட்டு வீட்டுக்குப் போயி பக்குவமா சொல்லிடுடா.

உன்
பாலா